வைரம் கூடாது

வைரம் கிடைத்ததும் அவள் ஓடி வந்து முதலில் கட்டிக்கொண்டது என்னைத்தான். நான் அப்போது அறுவை இயந்திரத்தின் தொட்டியிலிருந்து கல்சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் சாம்பல் நிறம். அவளுடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் என் இரண்டு கைகளும் அச்சாகப் பதிந்தன. அவள் கவனிக்கவில்லை.

"அக்கா! ஆயிரத்து முந்நூத்து முப்பத்திரண்டு!" என்றாள்.

அந்த எண் எனக்குத் தெரியும். பாறைக்குள் இருக்கும் துகள்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லும். குவார்ட்ஸுக்கு ஒன்று, வைரத்துக்கு ஒன்று. பதினோரு வருடமாக இந்தத் துறையில் கல் அரைக்கிறேன். எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் எண்கள் மனப்பாடம்.

"நிஜமாவா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. சந்தோஷப்படும் குரல்தான் அது. கைகளை மட்டும் மறுபடி தொட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அவளை எல்லோரும் 'ஆறாம் வருஷம்' என்று அழைப்பார்கள். நான்கு வருடத்தில் முடிய வேண்டிய ஆராய்ச்சிப் படிப்பு ஆறாவது வருடத்துக்கு வந்துவிட்டது. அவளே போனை எடுத்து, "ஆறாம் வருஷம் பேசறேன்" என்பாள். உதவித்தொகை போன வருடமே நின்றுவிட்டது. 'கல்லு கரைஞ்சாலும் உன் படிப்பு கரையேறாது' என்று அவள் மாமியார் சொன்னதை அவள் துறை முழுக்க நடித்துக் காட்டியிருக்கிறாள். என் அறைக்கும் ஒரு பெயர் உண்டு. மாவு மில். நான் மில்லுக்காரம்மா.

என் வேலை இவ்வளவுதான். கல்லை அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். தலைமுடியில் பாதிக்கும் குறைந்த கனம். ஒரு மைக்ரான் கூடினால் இருட்டு, கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் கல்லே இல்லை. அதன்பின் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகு. மெருகுக்கு எல்லோருக்கும் வைரப் பசைதான். ஊசிக்குழாயில் வரும். துணியில் பட்டாணி அளவு பிதுக்கினால் போதும், பத்து நிமிடத்தில் கல் பளபளக்கும். அந்தப் பசையில் இருப்பது வைரத்தூள்.

அவள் கல்லுக்கு மட்டும் அது ஆகாது. அவள் கல்லுக்குள்ளேயே வைரத்தைத் தேடுகிறாள். அதனால் அவள் பெட்டியின்மேல் சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடிட்டு ஒட்டியிருந்தாள்: வைரம் கூடாது. கார்பைடு சக்கரத்தில் அறுத்து, கார்பைடு தூளில் தேய்த்து, கடைசியில் பால்போல இருக்கும் அலுமினாக் கரைசலில் மெருகேற்ற வேண்டும். அவள் கல்லில் நிறைந்திருக்கும் கார்னெட் என்கிற சிவப்பு மணிகள் லேசில் மசியாது. ஆறு மணி நேரம் பிடிக்கும்.

ஏழு வாரங்களுக்கு முன்னால் ஒரு மதியம். அவளுடைய ஸ்லைடுக்கு இன்னும் நாலு மணி நேர மெருகு பாக்கி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லேசர் கருவியில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை ஒரு மாதம் கழித்துத்தான். அப்போது என் அக்கா போன் செய்தாள்.

"சின்னவளே, கதவு பூட்டிக்கிச்சுடி. குப்பை கொட்ட வெளிய வந்தேன், காத்துல அடிச்சு பூட்டிக்கிச்சு. உள்ள அடுப்புல பால் இருக்கு. மாமா போன் எடுக்கல. இன்னொரு சாவி உன்கிட்டதானே இருக்கு. ஓடி வா."

பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வாயு பரவி, திரைச்சீலை. எல்லாவற்றையும் நான் ஒரே நொடியில் பார்த்துவிட்டேன். துணியை மாற்றினேன். வைரப் பசை, பத்து நிமிடம். கழுவினேன், அதிர்வுத் தொட்டியில் போட்டு மறுபடி கழுவினேன். பேருக்குக் கொஞ்சம் அலுமினா. ஸ்லைடைப் பெட்டியில் வைத்துவிட்டு ஓடினேன்.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து மேல்வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தேன்னு அப்புறம் ஞாபகம் வந்துச்சு. போன் பண்ணலாம்னு பாத்தேன், நீதான் அதுக்குள்ள கிளம்பியிருப்பியேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை வேலை நோட்டில் எழுதினேன்: 'அலுமினா, ஆறு மணி நேரம்.' அன்று லேசரிலும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆறு வருடமாக அவள் கல்லில் வைரம் வந்ததில்லை, இனி வரவும் போவதில்லை. இல்லாத ஊருக்கு யார் வழி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இப்போது ஊர் வந்துவிட்டது.

*

வைரம் கிடைத்த அன்று சாயங்காலம் அவளுடைய பேராசிரியர் மில்லுக்கு வந்தார். பதினோரு வருடத்தில் இரண்டாவது முறை. முதல் முறை வந்தது தீயணைப்புச் சோதனைக்கு. "உங்க கைராசிம்மா" என்றார். வாசலைத் தாண்டவில்லை, செருப்பில் சேறு படும் என்று.

வெள்ளிக்கிழமை கட்டுரையை இதழுக்கு அனுப்புகிறார்கள். ஆறாம் வருஷம் அதை அச்செடுத்து வந்து எனக்குக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தது. நான் படித்தது மூன்றாம் பக்கம். 'மாதிரித் தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் வைரம் பயன்படுத்தப்படவில்லை.' அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குள் நான் இருந்தேன். வெளியே வர வாசல் இல்லை.

"வைரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று எதுவும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? வைரம் இருந்தா நூத்திருபது கிலோமீட்டர் ஆழம். இல்லன்னா வெறும் கண்டத்துப் பாறை." அவள் என் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். விளக்கம் சொல்வதென்றால் அவளுக்கு முகமே மாறிவிடும். "இந்தப் பாறை லேசானது. தானா கீழ போகவே போகாது. கனமான கடல்தரை முன்னால முங்கிட்டுப் போகுது பாருங்க, அதோட ஒட்டிட்டிருந்த பாவத்துக்கு இதையும் இழுத்துட்டுப் போயிடுச்சு."

"அப்புறம் எப்படி மேல வந்துச்சு?"

"அதுதானே என் தீசிஸ்! கனமானது எங்கயோ அறுந்துடுது. ஆனா அறுந்தா மட்டும் போதாது, சுத்தி இறுக்கமா இருக்கே, நகரணுமே. அங்கதான் இது கொஞ்சம் உருகுது. முழுசா இல்ல. நூத்துக்கு ரெண்டு பங்கு, மூணு பங்கு. துகளுக்கும் துகளுக்கும் நடுவுல எண்ணெய் விட்ட மாதிரி. அது போதும், மொத்தமும் வழுக்கி மேல வந்துடும்."

"மேல வந்தப்புறம் பழசு எதுவும் இருக்காதா?"

"எல்லாம் மறந்துடும். சாதாரணப் பாறை ஆயிடும். கார்னெட்டுக்குள்ள மாட்டிக்கிட்டது மட்டும்தான் கீழ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். கார்னெட் அவ்வளவு கெட்டி. விடாது."

அவள் போனபின் வெகுநேரம் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அக்கா வீட்டுக்கு வந்தது நாலு மாதத்துக்கு. ஒன்பது வருடம் ஆகிறது. வந்த அன்று என் கையில் ஒரு பையும், வலது கன்னத்தில் ஒரு வீக்கமும் இருந்தன. அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. இஸ்திரி மேஜை கிடந்த சின்ன அறையைப் பெருக்கிப் பாய் போட்டாள். அந்த மேஜை இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து மாமாவின் சட்டைக்கு இஸ்திரி போடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அவளுக்கு நான் விழித்திருப்பது தெரியும். "தூங்கு, தூங்கு" என்பாள்.

யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் அக்கா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "பாவம், ரொம்பப் பட்டுட்டா." ஒன்பது வருடமாக அதே தாழ்ந்த குரல். எனக்கு முடி நரைத்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, இரண்டு பல் போய்விட்டது. அக்காவுக்கு நான் அந்த வீங்கிய கன்னத்தோடுதான் இன்னும் நிற்கிறேன். அவள் என்னை உடையாமல் வைத்திருக்கிறாள். அதை நான் மறுக்க முடியாது. ஆனால் அவளுக்குள் இருக்கும்வரை நான் வேறொருத்தியாக ஆகவும் முடியாது. கூப்பிட்டால் ஓடுகிறேன். பால் பொங்குகிறது என்றால் அது பொங்குகிறதா என்றுகூடக் கேட்காமல் ஓடுகிறேன்.

அன்றிரவு சாப்பிடும்போது மாமா கேட்டார், "என்ன, யோசனை பலமா இருக்கு?"

"அவளை விடுங்க. பாவம்" என்றாள் அக்கா.

*

செவ்வாய் போயிற்று. செவ்வாய் முழுக்க எனக்கு நானே வக்கீல். இரண்டு முறை கழுவினேனே. அதிர்வுத் தொட்டியில் போட்டேனே. உண்மையிலேயே கல்லின் வைரமாக ஏன் இருக்கக் கூடாது? அவள் ஆறு வருடம் உழைத்ததற்குப் பலன் வந்திருக்கக் கூடாதா? நான் வாயைத் திறந்தால் அவள் படிப்பு போகும், என் வேலையும் போகும். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. அது போனால் பகலிலும் அந்த இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில்தான். திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் போகாது. இந்தக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் சரியாகவே வந்தது. அதனால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லாமல் போனது.

புதன்கிழமை மதியம் நுண்ணோக்கி அறைக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள்.

"அந்த வைரத்தை ஒரு தடவை காட்டேன்."

"ஐயோ, உங்களுக்குக் காட்டாமயா? வாங்க, வாங்க." நாற்காலியைத் துடைத்துவிட்டாள்.

குனிந்து பார்த்தேன். கார்னெட் மணி வெளிர் ரோஜா நிறத்தில் கண்ணை நிறைத்தது. அதன் நடுவில் ஒரு சின்னத் துகள். துகளைச் சுற்றி நாலாபுறமும் மெல்லிய விரிசல்கள். உள்ளே நெருங்கிக் கிடந்தது மேலே வரும்போது உப்பி, கார்னெட்டை உடைத்த தடம் அது என்று முன்பே சொல்லியிருக்கிறாள். அந்த விரிசல்களில் ஒன்றின் வாயில், ஒரு மினுக்கு.

"அது மேல இருக்கா, உள்ள இருக்கா?" என்று கேட்டேன்.

"உள்ளதான். கொஞ்சம் மேல தட்டுப்படுது. விளிம்புல."

பார்வையின் ஆழத்தை மாற்றும் குமிழைத் திருகினேன். கல்லின் மேற்பரப்பில் என் மெருகின் மெல்லிய கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. மினுக்கும் அதே இடத்தில் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் திருகினேன். கீறல்கள் மங்கின. மினுக்கும் கூடவே மங்கியது. கல்லுக்குள் பிறந்ததாக இருந்தால் கீறல் மங்கியபின்தான் அது தெளிந்திருக்க வேண்டும்.

தலையைத் தூக்காமலே சொன்னேன். "அது உன் கல்லோட வைரம் இல்லம்மா. என்னோடது."

"என்னது?"

"பசை. அன்னிக்கு வைரப் பசை போட்டேன்."

அவள் சிரித்தாள். "அக்கா, விளையாடாதீங்க, எனக்கு நெஞ்சு வலி வந்துடும்." நான் நிமிர்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. போகவில்லை, முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"எத்தனை நிமிஷம்?" என்றாள்.

"பத்து."

"எந்தப் பசை? ஒரு மைக்ரானா, மூணா?"

"மூணு."

திரையில் இருந்த அளவுகோலைப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. அந்த மினுக்கும் மூன்று மைக்ரான்தான்.

"நோட்டுல அலுமினான்னு இருக்கே."

"பொய்."

அவள் கத்தவில்லை. லேசரை அணைத்தாள், மூடியை மாட்டினாள், கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். கடைசியில், "என் மாமியார்கிட்ட சொல்லிட்டேன்கா. நேத்துத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க" என்றாள்.

"மன்னிச்சுக்கோ."

"ஏன்? ஏன் போட்டீங்க?"

அடுப்பு, பால், சாவி என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாம் உண்மைதான். எதுவும் காரணமாக ஒலிக்கவில்லை. "எங்க அக்கா கூப்பிட்டா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நானும் அன்னிக்கு ஏதாவது சொல்லி உங்களைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

பேராசிரியர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். "புதுப்பிக்கிறப்ப பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நோட்டில் பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் நடந்ததை எழுதித் தேதி போட்டேன். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் அறையின் விதி.

*

கல்லில் மிச்சம் கட்டைவிரல் அளவு. அதை எடுத்த மலைச்சரிவை ரோடு போடுவதற்கு வெடிவைத்துவிட்டார்கள். வேறு கல் கிடையாது. கட்டுரை வெள்ளிக்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமை நான் அந்தக் கட்டைவிரலை அறுத்தேன். புதுச் சக்கரம், புதுத் துணி, புதுத் தட்டு. வைரப் பசை ஊசிகளை எல்லாம் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மெருகு இயந்திரம் ஓடத் தொடங்கி மூன்றாவது மணி நேரத்தில் போன் அடித்தது.

"சின்னவளே, இஸ்திரிப் பெட்டியில ஷாக் அடிக்குதுடி. கை ஜிவ்வுன்னு ஆயிடுச்சு. கிளம்பி வா."

"ப்ளக்கைப் பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன்."

"கை இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப சரியாயிடுச்சு. ஆனா பயமா இருக்கு."

இயந்திரம் நடுங்கிக்கொண்டிருந்தது. பால்போன்ற கரைசலில் கண்ணாடித் துண்டு மெதுவாகச் சுற்றியது. இன்னும் மூன்று மணி நேரம்.

"அப்போ நான் வரலக்கா. ஏழு மணிக்குத்தான் வருவேன்."

"வரலியா?" என்றாள். கோபம் இல்லை. புரியாத ஒரு பாஷையைக் கேட்டதுபோல இருந்தது.

வீட்டுக்குப் போனபோது ஏழேகால். அக்கா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அறை விளக்கைப் போட்டேன். இஸ்திரி மேஜை இல்லை. கூடத்தில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இடித்துக்கொண்டு கிடந்தது.

"எதுக்குக்கா அதை..."

"நீ பெரிய ஆளு. உனக்கு ஆயிரம் வேலை. நான் எதுக்கு நடுவுல?" டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், எனக்குத் தெரியாதுப்பா என்பதுபோல.

மேஜை நின்ற இடத்தில் தரையில் நாலு கால் தடங்கள். அவற்றைச் சுற்றிச் சிமெண்டில் மயிரிழை விரிசல்கள். ஒன்பது வருடம் நான் வேண்டியது இதைத்தான். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. கதவு திறக்கவில்லை. கூடத்தில் அக்கா தனியாக, மாமா இரவே பழுது பார்த்து வந்த பெட்டியால் சட்டையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. 'தூங்கு' என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கலாம் என்று தோன்றியது. போனால் மறுபடி மேஜை உள்ளே வந்துவிடும் என்றும் தோன்றியது. படுத்தே கிடந்தேன்.

*

புது ஸ்லைடில் வைரம் இல்லை. பேராசிரியர் சொல்லிக் கிடைத்த நேரத்தில் லேசரில் நாலு நாள் தேடினாள். ஐந்தாம் நாள் மில் வாசலில் வந்து நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை.

"ஐந்நூத்து இருபத்தொண்ணு" என்றாள்.

அதுவும் எனக்குத் தெரிந்த எண். கோயசைட். குவார்ட்ஸேதான், ஆனால் பெரும் அழுத்தத்தில் நெருங்கி வேறு உருக் கொண்டது.

"எங்க?"

"விரிசல் விடாத ஒரே ஒரு கார்னெட்ல. நடு மையத்துல. பக்கத்துலயே உருகின துளி ஒண்ணு, அப்படியே உறைஞ்சு போய்." என் கையைப் பார்த்தாள். "மேல இல்ல. உள்ளதான். பத்து மைக்ரான் உள்ள. மூணு தடவை பாத்துட்டேன்."

"அப்போ ஆழம்?"

"தொண்ணூறு. ஏற்கெனவே ரெண்டு பேரு சொன்ன ஆழம்தான். பெரிய இதழ் எல்லாம் எடுக்காது." பெருமூச்சு விட்டாள். "முப்பது கிலோமீட்டர் போச்சுக்கா. ஒரே போன்ல."

அவள் மாமியார் என்ன சொன்னார் என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "வைரத்தைத் தொலைச்சுட்டியா, வீட்டுல தேடிப் பாத்தியான்னு கேக்கறாங்க."

சிரிப்பு வந்தது. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். கட்டைவிரலில் மிச்சமிருந்த நகக்கண் அளவுத் துணுக்கு. அதன்மேலும் சிவப்பு மையில் எழுதியிருந்தது. இந்த முறை அடிக்கோடு இரண்டு.

"இன்னும் ஒரு ஸ்லைடு வரும்ல?"

"ஒண்ணு வரும். அதோட கல்லே தீர்ந்துடும்."

"போடுங்க. ஆனா நான் இங்கயே உக்காந்திருப்பேன். ஆறு மணி நேரமும்."

"உக்காரு" என்றேன்.

ஸ்டூலை இழுத்து, என் கைகள் தெரியும் இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தினேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. என் போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை. மோட்டாரைப் போட்டேன். அது ஓடினால் அந்த அறையில் பேச முடியாது.